பன்னிரண்டு அட்டைத் தலைவலி

அத்தியாயம் ஐந்து

"விழுந்தாரா, குதிச்சாரா? அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும் மேடம். விழுந்திருந்தா இன்னிக்கு மூணு மணிக்குப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டு, பிள்ளைங்களைக் கூட்டிட்டு அந்த வீட்டுக்கே குடிவந்துருவேன். குதிச்சிருந்தா அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

அந்தப் பெண் அழவில்லை. இரண்டு மாதத்தில் அழுது முடித்திருந்தாள். மடியில் ஒரு பழைய தோல் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோ வாயைத் திறக்கவில்லை. அது அந்த அலுவலகத்தில் அபூர்வமான சம்பவம். ஆறு வருஷம் வீட்டுத் தரகனாக இருந்து, விடிந்ததிலிருந்து ஓயாமல் பேசிப் பேசியே சம்பாதித்த பெயர் அது. வீட்டில் வைத்த பெயர் அவன் தம்பிக்கே மறந்துவிட்டது. இப்போது நான்கு வருஷமாக சர்வேயரிடம் உதவியாளன்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் இல்லை. எரிந்த கிடங்குகளையும் ஆற்றில் கவிழ்ந்த லாரிகளையும் இருபத்தைந்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் போய்ப் பார்த்து, எது நஷ்டம், எது நாடகம் என்று பிரித்து எழுதிய அம்மாள். வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பட்டம் ஒட்டிக்கொண்டது.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

அந்தப் பெண் சொன்னாள். கணவருக்கு இந்த ஊருக்கு மாற்றல். குடும்பத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் முன்னால் வந்து, லாட்ஜில் தங்கி, மூன்று வாரம் வீடு தேடினார். யாரையும் தெரியாத ஊர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, விலைக்கு வந்த ஒரு வீட்டின் மொட்டைமாடியிலிருந்து கீழே விழுந்து இறந்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறினார், பாசி வழுக்கியது, விபத்து என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது. கம்பெனி அவர் இடத்தில் இவளுக்கே வேலை கொடுத்திருக்கிறது. திங்கட்கிழமை சேரவேண்டும்.

"இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரே விலாசம் அவர் செத்துப்போன விலாசம்தான் மேடம். ஆனா அது அவர் பார்த்துப் பார்த்துப் பிடிச்ச வீடு. அதான் வாங்கிடலாம்னு இருந்தேன். நேத்துதான் போலீஸ்ல இந்தப் பையைத் திருப்பிக் கொடுத்தாங்க. திறந்து பார்த்ததுலேருந்து தூக்கமில்ல."

பையை மேஜைமேல் கவிழ்த்தாள். ஓர் அளவு நாடா, மடக்குக் குடை, பிஸ்கட் பாக்கெட். கூடவே மருந்துக்கடைகளில் மாத்திரை போட்டுத் தரும் சின்னக் காகிதக் கவர்கள், பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை மாத்திரை. எல்லாம் ஒரே மாத்திரை. தலைவலிக்கு.

"அவருக்குத் தலைவலியே வராது. எனக்குத்தான் வரும், அதுக்குக் காரணமும் அவர்தான்னு கிண்டல் பண்ணுவேன். பன்னிரண்டு அட்டை வாங்கியிருக்கார்னா, தலைக்குள்ள ஏதோ பெருசா வந்திருக்கு. என்கிட்ட மறைச்சிருக்கார். தாங்க முடியாம..."

கவர்களைச் சர்வேயர் பக்கம் தள்ளினாள்.

சர்வேயர் கவர்களைச் சீட்டுக்கட்டுபோல் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொரு கவரிலும் ஒரு கடையின் முத்திரை. பன்னிரண்டும் பன்னிரண்டு கடை, பன்னிரண்டு ஏரியா.

"ஊரைச் சுத்திச் சுத்தித் தலைவலி வாங்கியிருக்காரு," என்றான் ரேடியோ. வாய் திறந்துகொண்டது.

"ரேடியோ, நீ தரகனா இருந்தவன். வெளியூர்க்காரன் ஒருத்தன் வீடு வாங்க வர்றான். அந்த ஏரியா எப்படின்னு யாரைக் கேட்பான்?"

"என்னைக் கேட்டா சொர்க்கம்னு சொல்வேன். வீட்டைப் பத்திப் பொய் சொல்ற தரகன் கத்துக்குட்டி, அக்கா. தொழில் தெரிஞ்சவன் பொய்யே சொல்ல மாட்டான், எந்த நேரத்துல வீட்டைக் காட்டணும்னு மட்டும் பார்த்துக்குவான். பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டாலும் பிரயோஜனமில்ல. அவன் வீட்டு விலையும் ஏறணுமே."

"மருந்துக்கடைக்காரனைக் கேட்டா?"

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தான். "அட! அவன்கிட்ட விக்கிறதுக்கு வீடு கிடையாது. எந்தத் தெருவுல தூக்க மாத்திரை போகுது, எந்த மாசம் எல்லாப் பிள்ளைக்கும் இருமல் வருது, சகலமும் அவனுக்கு அத்துப்படி. ஆனா சும்மா போய் நின்னா பேசுவானா? ஏதாவது வாங்கணும்."

"அதான் வாங்கியிருக்கார். இருக்கிறதுலேயே மலிவா ஒண்ணு."

அந்தப் பெண் கவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாப்பிடறதுக்கு இல்லையா அப்போ? ஆனா பாதி மாத்திரை காணோமே."

காணவில்லைதான். பத்து மாத்திரை அட்டையில் ஒன்றில் ஆறு மீதி. இன்னொன்றில் நாலு. ஒன்றில் எட்டு. சர்வேயர் எண்ணிக்கொண்டே வந்து, "உங்க வீட்டுக்காரருக்குப் பத்துக்கு இத்தனைன்னு எதையாவது..." என்று ஆரம்பித்தார்.

"மார்க்!" அவள் கை தானாக வாய்க்குப் போனது. "எல்லாத்துக்கும் மார்க் போடுவார் மேடம். சினிமாவுக்கு, ஹோட்டலுக்கு, பஸ் சீட்டுக்கு. எங்க கல்யாண போட்டோவுல எனக்கு ஒன்பதுதான் போட்டார். அந்த ஒரு மார்க்குக்குப் பதினாறு வருஷமா சண்டை."

"அப்படின்னா இது தலைவலி இல்ல. மார்க் ஷீட்." சர்வேயர் கடைசிக் கவரை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க வாங்கப் போற வீடு இருக்கிற குடியிருப்பு, இரண்டாவது குறுக்குத் தெருன்னு முத்திரை இருக்கு. அட்டையைப் பாருங்க."

அட்டையில் ஒரு மாத்திரைகூட இல்லை. பத்துக் குழியும் காலி.

ரேடியோ மெதுவாக விசிலடித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சைபரா? ஆனா அவருக்கு அந்த வீடு ரொம்பப் பிடிச்சிருந்துதுன்னு சொன்னாங்களே! வீட்டை விக்கிற டிரைவர் அண்ணன்... அவர் பஸ் ஓட்டுறவர். என்னைவிட அதிகமா அழுதார். சார் ஒவ்வொரு ரூமா நின்னு ரசிச்சார்னு சொன்னார். சின்னவளுக்கு இருட்டுன்னா பயம், தெருவிளக்கு ஜன்னல் வழியா விழுது, நல்லதுன்னாராம். பெரியவளுக்கு அந்தப் பிரச்சினை இருக்கு, பாத்ரூம் ஒட்டின ரூம் கிடைச்சிருச்சுன்னு சந்தோஷப்பட்டாராம். இவர்கிட்ட மனசு விட்டுப் பேசியிருக்கார்னு எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்தது தெரியுமா?"

"பெரியவளுக்கு என்ன பிரச்சினை?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பதினாலு வயசு. இன்னமும் சில நாள் படுக்கையில..."

ரேடியோ ஜன்னலுக்கு வெளியே எதையோ அவசரமாகப் பார்த்தான்.

"எழுதி வைக்கிற பழக்கம் உண்டா?"

"நீல நோட்டு ஒண்ணு. வீட்டுல என்னென்ன வேணும்னு நான் போன்ல சொல்லச் சொல்ல அதுலதான் எழுதினார். அது பையில இல்ல. போலீஸ்காரங்க அப்படி ஒண்ணு பார்க்கவே இல்லைங்கறாங்க."

சர்வேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு நீங்க பதிவு அலுவலகத்துக்குப் போங்க. நான் வர்றவரைக்கும் பேனாவைத் திறக்காதீங்க."

*

இரண்டாவது குறுக்குத் தெரு அழகாக இருந்தது. அதுவே ரேடியோவுக்கு உறுத்தியது. இருபது வீட்டுக்கும் ஒரே சமயத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் பளிச்சென்று இருந்தது. குப்பை இல்லை, நாய் இல்லை, விற்பனைக்கு என்று ஒரு பலகைகூட இல்லை.

"என்னக்கா இது, பெண் பார்க்க வரப்போறாங்கன்னு தெருவே தலைசீவிப் பவுடர் போட்டுட்டு நிக்குது."

"செடியைப் பார்த்தியா?"

பார்த்தான். எல்லா வாசலிலும் செடிகள், பூக்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. எல்லாமே தொட்டியில். இருபது வீட்டிலும் சுற்றிவரத் தாராளமாக மண் கிடந்தும் தரையில் ஒரு துளசிகூட, ஒரு புல்கூட நடப்படவில்லை. தொட்டிகளும் செங்கல்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. சனிக்கிழமை காலை பதினொரு மணி. தெருவில் ஒரு குழந்தை இல்லை.

"மருந்துக்கடை எங்கம்மா இருக்கு?" என்று மாடியில் நின்ற பெண்மணியைக் கேட்டான்.

"இங்க மருந்துக்கடையே கிடையாதுங்க. யாருக்கும் நோய் வந்தாத்தானே!" என்று சிரித்தாள்.

நான்கு வீடு தள்ளி ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டான். "இங்க மருந்துக்கடையே கிடையாது சார். யாருக்கும் நோய் வந்தாத்தானே!" அதே சிரிப்பு.

மூன்றாவதாக ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் தானாகவே அவர்களை நோக்கி வந்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராம். "வீடு பார்க்க வந்தீங்களா? வாங்க வாங்க. மருந்துக்கடையா? இங்க எப்பவும் இருந்ததில்ல. யாருக்கும் நோய் வந்தாத்தானே!"

"நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க சார்," என்றான் ரேடியோ. "பள்ளிக்கூடத்துல நான் இப்படிப் படிச்சிருந்தா இன்னிக்குக் கலெக்டர்."

செயலாளரின் சிரிப்பு அப்படியே நின்றது. கண்மட்டும் சுருங்கியது.

தெருமுனையில் ஒரு கடை. ஷட்டர் இறங்கியிருந்தது. மேலே பலகையைக் கழற்றியிருந்தார்கள். ஷட்டரில் புதிதாக அடித்த வெள்ளைப் பெயின்ட் ஒரு கோட் போதவில்லை. அடியிலிருந்து பச்சை நிறச் சிலுவை ஒன்று மங்கலாக எட்டிப் பார்த்தது.

"இல்லைன்னு மட்டும் சொல்லியிருந்தா நான் திரும்பிப் போயிருப்பேன்," என்றார் சர்வேயர், நடந்துகொண்டே. "மூடிட்டுப் போயிட்டார்னு சொல்லியிருந்தாக்கூட. எப்பவுமே இருந்ததில்லைன்னு சொன்னாங்க பாரு, அங்கதான் கோட்டை விட்டாங்க. சொல்லிக் கொடுத்தவன் ஒருத்தன். அதுவும் கொஞ்சம் அதிகமாவே சொல்லிக் கொடுத்துட்டான்."

"கடை மூடிக் கிடக்கு. ஆனா நம்ம ஆள் இந்தக் கடைக் கவர்ல மாத்திரை வாங்கியிருக்கார். ஆவிகிட்ட வாங்கினாராக்கா?"

"ஆவி புதுக் கவர் அச்சடிக்காது. சிக்கனமான மனுஷனும் அச்சடிக்க மாட்டான். கடையை இடம் மாத்தினாலும் பழைய கவர் மிச்சம் இருக்கிறவரைக்கும் அதையேதான் ஓட்டுவான். கவர்ல கீழ இருக்கிற நம்பருக்குப் போன் போடு."

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். "மெடிக்கல்ஸ்," என்றது ஒரு களைத்த குரல்.

*

கடை ஊரின் மறுகோடியில், பஸ் பணிமனைக்கு எதிரே இருந்தது. இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்கவேண்டும். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கவரைக் காட்டியதும் துடைப்பதை நிறுத்தினார்.

"அந்த சார் செத்துப்போனதைப் பேப்பர்ல பார்த்தேன். போலீஸ் வரும்னு ரெண்டு மாசமா எதிர்பார்த்தேன். வரல. நானாப் போகவும் தைரியம் வரல. நான் ஒரு தடவை வாயைத் திறந்ததுக்கே கடையை இழந்தவன்."

"என்ன சொன்னீங்க அந்தத் தெருவுக்கு?"

"நான் என்னத்தைச் சொல்றது? அலமாரி சொல்லிச்சு." அவர் பின்னால் இருந்த தட்டைக் காட்டினார். "அங்க இருந்த நாலு வருஷத்துல பிள்ளைங்களுக்கு வயித்துவலி மருந்தும் ரத்தசோகை டானிக்கும்தான் ஓயாம ஓடிச்சு. இருபது வீடு, பத்துப் பன்னெண்டு பிள்ளைங்க. அதுல ஏழு பேருக்கு ஒரே மாதிரி. பழைய ஆளுங்களை விசாரிச்சேன். அந்த மனையில முன்னால பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குற பட்டறை இருந்திருக்கு. எல்லாத்தையும் அங்கேயே புதைச்சு, மேல மண்ணைக் கொட்டி, மனை போட்டு வித்துட்டாங்க. மண்ணுலயும் இருக்கு, போர் தண்ணியிலயும் இருக்கு. சங்கத்துல போய்ச் சொன்னேன். ஓடிப்போய்ப் புகார் கொடுப்பாங்கன்னு நினைச்சேன்."

"கொடுக்கல."

"கொடுத்தா வீடு விலைபோகுமா? மறுநாள்லேருந்து என் கடைப்பக்கம் ஒருத்தர் வரல. மூணே மாசத்துல மூடிட்டேன்."

"அந்த வியாழக்கிழமை?"

"பதினொரு மணிக்கு வந்தார். ஷட்டர்ல இருந்த சிலுவையைப் பார்த்துட்டு, எப்படியோ விசாரிச்சு என்னைக் கண்டுபிடிச்சிருக்கார். ஒரு அட்டை வாங்கினார். நான் எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டே ஒவ்வொரு மாத்திரையாப் பிதுக்கி இந்த மேஜைக் கண்ணாடிமேல வச்சார். பத்தும். அப்புறம் வெறும் அட்டையைக் கவர்ல போட்டுக்கிட்டார்." கடைக்காரர் அந்தக் கண்ணாடியைக் கையால் தடவினார். "கிளம்பும்போது கேட்டார், வீட்டை விக்கிற டிரைவரோட பொண்ணுக்கும் இதுதானான்னு. ஆமா, அதுக்குத்தான் ரொம்ப முத்திப்போச்சு, ரெண்டு கிட்னியும் பழுதுன்னு சொன்னேன். 'பாவம், அவருக்கு இது தெரியாதுபோல. நான் உடனே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்'னு ஓடினார்."

ரேடியோ மேஜைமேல் குனிந்தான். "வீடு வாங்கப் போகலையா?"

"வாங்கவா? அந்தப் பிள்ளையை அங்கேருந்து வெளிய எடுக்கச் சொல்லப் போனார்."

கடையை விட்டு வெளியே வந்ததும் சர்வேயர் போனை எடுத்து, அந்த விபத்துக் கோப்பை மூடிய சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். மூன்று மணிக்குப் பதிவு அலுவலகத்தில், சீருடை இல்லாமல் வரச்சொன்னார். மறுமுனையில் சலிப்பு கேட்டது. "வரலைன்னா, கோப்பைத் திறக்க நான் மேலதிகாரிகிட்டப் போகணும், தம்பி," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"செயலாளர்தானேக்கா? அந்தச் சிரிப்பே சரியில்ல."

சர்வேயர் கைகாட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினார். ஆட்டோவில் ஏறிய பிறகு, "சிரிச்சவனை விடு. அழுதவனை யோசி," என்றார்.

*

பதிவு அலுவலகத்தில் மின்விசிறி சத்தம்தான் அதிகம், காற்று குறைவு. நடைபாதை பெஞ்சில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கியது. ஆறு வயது இருக்கும். முகம் வீங்கியிருந்தது, கால்கள் குச்சியாக இருந்தன. ரேடியோ தாண்டிப்போகும்போது பார்க்காமல் இருக்க முயன்று தோற்றான்.

உள்ளே பத்திரம் எழுதுபவரின் மேஜையைச் சுற்றி டிரைவர், சாட்சிக் கையெழுத்துக்குச் செயலாளர், எதிரே அந்தப் பெண். பேனா மூடியே இருந்தது. மூலையில் சாதாரணச் சட்டையில் சப்-இன்ஸ்பெக்டர் கைகட்டி நின்றார்.

டிரைவர் நாற்பது வயது மனிதர். சலவைச் சட்டை. தூக்கமில்லாத கண். சர்வேயரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

"உட்காருங்கம்மா."

"நன்றி. ஒரே ஒரு சந்தேகம் டிரைவர். இவங்க பெரிய பொண்ணுக்குப் பாத்ரூம் ஒட்டின ரூம் கிடைச்சுதுன்னு சார் சந்தோஷப்பட்டாராமே. உங்ககிட்ட வாயாலயா சொன்னார்?"

"ஆமாம்மா. மனசு விட்டுச் சொன்னார்."

"காரணத்தையும்?"

"ஏதோ சின்னப் பிரச்சினைன்னார். பொம்பளப் பிள்ளை விஷயம், நான் மேற்கொண்டு கேட்டுக்கல."

சர்வேயர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "இந்த விஷயம் உங்க மாமியாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. எங்க அம்மாவுக்கே தெரியாது. டாக்டர்கிட்டகூட நான்தான் சொன்னேன். அவர் கூச்சப்பட்டு வெளியில நின்னுட்டார். அவர் யார்கிட்டயும்..."

அவள் கண் மெல்ல டிரைவர் பக்கம் திரும்பியது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டார்," என்று முடித்தாள். "நான் போன்ல சொன்னேன். அவர் எழுதிக்கிட்டார். அந்த நோட்டுலதான் இருக்கு அது. தெருவிளக்கு முதல்ல, அப்புறம் பாத்ரூம். நான் சொன்ன வரிசையிலேயே நீங்க சொன்னீங்க அண்ணே."

சர்வேயர் நாற்காலியை டிரைவர் பக்கம் திருப்பினார்.

"நோட்டு எங்க டிரைவர்?" என்றார் சர்வேயர். குரலில் கோபமே இல்லை.

டிரைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சட்டைப்பையில் இருந்த பேனாவை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பஸ்ல இருக்கு," என்றார் டிரைவர் கடைசியில். "என் சீட்டுக்கு அடியில. எரிச்சுடலாம்னு ரெண்டு தடவை கையில எடுத்தேன். உள்ள பிள்ளைங்க பேரெல்லாம் எழுதியிருந்தது. முடியல."

சப்-இன்ஸ்பெக்டரின் கட்டிய கை அவிழ்ந்தது.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு வந்தார்மா. மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். மூச்சு வாங்க ஏறி வந்து, 'உங்க பிள்ளையைக் கூட்டிட்டு இன்னிக்கே கிளம்புங்க, இந்தத் தண்ணியை ஒரு வாய் குடுக்காதீங்க'ன்னு கையைப் பிடிச்சார். எனக்குத் தெரியும் சார்னு சொன்னேன். அப்படியே என் மூஞ்சியைப் பார்த்தார். 'தெரிஞ்சுமா என் பிள்ளைங்களுக்கு விக்கப் பார்த்தீங்க'ன்னு கேட்டார். நான் என்ன சொல்றது? வீடு வித்தாத்தான் என் பொண்ணுக்கு ஆபரேஷன். ரெண்டே வாரம் வாயை மூடிட்டு இருங்க, வேற யாருக்காவது கொடுத்துட்டுப் போயிடறேன்னு கால்ல விழுந்தேன். 'அந்த வேற யாருக்கும் பிள்ளைங்க இருக்குமே'ன்னார். கைப்பிடிச் சுவர்ல உட்கார்ந்து நகராட்சிக்குப் புகார் எழுத ஆரம்பிச்சார். நோட்டைப் பிடுங்கினேன். அவர் விடல. நானும் விடல. அப்புறம்... தள்ளினேன்மா. வழுக்கலை. தள்ளினேன்."

நேற்றிலிருந்து அந்தப் பெண்ணின் மனதில் இருந்தது இரண்டே கேள்வி. இரண்டுமே இல்லை என்பது அவளுக்குள் இறங்க நேரம் பிடித்தது.

"அப்புறம் ஏன் என்கிட்டயே விக்க வந்தீங்க?"

பழைய தரகனுக்கு விடை தெரிந்திருந்தது. வேண்டாவெறுப்பாக ரேடியோதான் சொன்னான். "ஆள் செத்த வீட்டை வேற யாரும் வாங்க மாட்டாங்கம்மா. செத்தவரோட சம்சாரத்தைத் தவிர. அவர் ஆசைப்பட்ட வீடுன்னு நீங்க நம்புறவரைக்கும் ஒரு கேள்வி கேட்க மாட்டீங்க."

"எனக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல," என்று செயலாளர் எழுந்தார். "சங்கம் யாரையும் கொலை பண்ணச் சொல்லல."

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் டிரைவர். சப்-இன்ஸ்பெக்டர் தோளில் கை வைத்தபோதும் அவர் எதிர்க்கவில்லை. "யார் முதல்ல விக்கிறதுன்னு சீட்டுப் போட்டோம். எல்லாரும் ஒரே சமயத்துல வித்தா விலை விழுந்துடும், சந்தேகம் வந்துடும். எனக்கு வந்தது பதினொண்ணாவது சீட்டு. என் பொண்ணு நிலைமையைப் பார்த்துப் பத்து வீட்டுக்காரங்களும் விட்டுக்கொடுத்து என்னை முதல்ல வச்சாங்க. எங்க தெருவுல எல்லாரும் நல்லவங்கம்மா."

ரேடியோ எதையாவது சொல்லி அந்த அறையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று தேடினான். ஆறு வருஷம், நாற்பத்து மூன்று வீடு விற்றவன். ஒவ்வொன்றையும் எந்த நேரத்தில் காட்டினான் என்பது இப்போது ஞாபகம் வந்தது.

டிரைவரை வெளியே அழைத்துப் போனார்கள். நடைபாதையில் அவர் மனைவி எழுந்து நின்றாள். குழந்தை விழிக்கவில்லை. சர்வேயர் அவளருகில் போய், அந்தத் தோளைப் பிடித்து, மெதுவாக ஏதோ பேச ஆரம்பித்தார். அவள் தலை இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டே இருந்தது.

செயலாளர் கக்கத்தில் கோப்புடன் வாசல் பக்கமாக நழுவிக்கொண்டிருந்தார். ரேடியோ வழியை மறித்து நின்றான். பிடுங்கிப் பார்த்த கோப்பில் இரண்டு பத்திரங்கள் இருந்தன. ஒன்று டிரைவரின் பதினேழாம் நம்பர் வீட்டுப் பத்திரத்தின் நகல். இன்னொன்று ஒன்பதாம் நம்பருக்கு, மூன்றரை மணி.

"இது யாருக்கு சார்?"

செயலாளர் கோப்பைத் திரும்பப் பிடுங்கினார். ஆனால் அவர் கண் ஒருகணம் நடைபாதைக் கோடிக்குப் போய் வந்தது. அங்கே ஓர் இளம் தம்பதி டோக்கன் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கணவன் போனில் யாரிடமோ ஊருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி மேடான வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, புதிதாய்ப் பார்க்கிற இடத்தைப் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கண் போன திசையை அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டாள்.

கையெழுத்துப் போடாத பத்திரத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். டிரைவரின் மனைவியைத் தாண்டும்போது ஒரு விநாடி நின்றாள். அந்தக் குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு நேராகக் கோடி பெஞ்சுக்கு நடந்தாள்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கம்மா," என்றாள் கர்ப்பிணியிடம். "இந்த ஊருக்குப் புதுசா?"

"ஆமாங்க. யாரையுமே தெரியாது."

"எத்தனை மாசம்?"

"ஏழு."

"அந்த டோக்கனைக் கிழிச்சுப் போடுங்க," என்றாள் அவள். "ஏன்னு சொல்றேன்."